வீட்டுக் கணக்கும் விசுவாசமும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா என்னை அழைத்தபோது, "நீ டொக்டர்தானே, சுகாதாரத்தைப் பற்றி இருபது நிமிசம் பேசு" என்றார். வீட்டுக் காசைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அதுவும் சுகாதாரத்துக்குள்ளேயே வரும்?" என்றார். வரும். அதை விளங்கப்படுத்துவதற்கே இந்த இருபது நிமிடத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே கூடியிருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சைவ வீடுகளிலிருந்து இந்தப் பாடசாலைக்கு வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் என் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். ஆனால் காலைப் பிரார்த்தனையில் பத்து வருசம் எங்களோடு நின்ற உங்களுக்கு இந்தக் கதைகள் எங்களிலும் பார்க்க நன்றாக நினைவிருக்கும். வேதபாடப் பரீட்சையில் எங்களை முந்தியவர்களும் நீங்கள்தானே.

நீரிழிவுக் கிளினிக்கில் வேலை செய்யும் எந்த வைத்தியருக்கும் இது பழக்கமான விஷயம். ஐம்பது வயது அம்மா ஒருவர் வருகிறார். சீனி கட்டுப்பாட்டில் இல்லை. குளிசை கூட்டுகிறோம். அடுத்த மாதமும் அப்படியே. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நாங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்வார். மூன்றாம் முறை, மற்றவர்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டால்தான் உண்மை வரும். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆனால் அங்கே இல்லாத ஒன்றிரண்டை வெளியே பாமசியில் வாங்க வேண்டியிருக்கும். அதை வாங்கவில்லை. அல்லது ஒரு மாதத்துக்கு வாங்கியதைப் பாதி பாதியாக முறித்து இரண்டு மாதத்துக்குச் சாப்பிட்டிருக்கிறார். "டொக்டர், கிழமைக் காசு கட்டின பிறகு மிஞ்சிறதிலதான் மற்றதெல்லாம்" என்பார்.

இந்தக் கிழமைக் காசு என்னவென்று வடக்கில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்காகச் சொல்கிறேன். போருக்குப் பிறகு கிராமம் கிராமமாக வந்த நுண்கடன் நிறுவனங்கள் ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தன. பிணையாகக் கேட்டது காணியையோ நகையையோ அல்ல, அந்தப் பெண்களையே. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். நித்திரை வருவதில்லை, தலையிடி, நெஞ்செரிவு என்று வருகிற பெண்களிடம் நான் இப்போது கேட்கும் கேள்விகளில் ஒன்று, கிழமையில் எந்த நாள் இது கூடுகிறது என்பது. "திங்கட்கிழமை இரவு" என்றால், செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டமா என்று அடுத்ததாகக் கேட்பேன். உயிரை விட முயன்று கொண்டுவரப்பட்டவர்களின் கட்டிலருகிலும் இதே கதையை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

கணக்கு எப்படி என்று பாருங்கள். 50,000 ரூபாய் கடன். ஒரு வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி என்று சொல்லப்படுகிறது. முழுத்தொகைக்கும் வட்டி 12,000. ஆக 62,000 ரூபாயை 52 கிழமையில் கட்டவேண்டும். கிழமைக்கு ஏறக்குறைய 1,200. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் அந்த 50,000 வருடம் முழுவதும் அவள் கையில் இல்லை. முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு போகிறது. ஆறு மாதம் முடியும்போது பாதிதான் கடனாக நிற்கும். வட்டி மட்டும் முழு 50,000க்கும் போட்டபடியே நிற்கிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் அது நூற்றுக்கு 24 அல்ல, 40க்கும் மேல். எங்கள் கணித ரீச்சர் இங்கே இருக்கிறா. பிழை என்றால் எழும்பிச் சொல்லலாம். இந்த ஒரு கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தலாம். கடன் எடுத்த பெண்களில் எத்தனை பேருக்கு யார் விளங்கப்படுத்தினார்கள்?

2018 இல் அரசாங்கமே தலையிடவேண்டி வந்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் கட்டமுடியாமல் நின்ற பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள். வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று உச்சவரம்பும் வந்தது. சிலருக்கு மூச்சு விட்டது. பிறகு 2022. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ எட்டியது; உணவுப் பொருட்களுக்கு ஏறக்குறைய 95. ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாதச் சம்பளக்காரராகிய எங்கள் வீடுகளிலேயே அப்போது தாலிக்கொடி வங்கிக்குப் போனது. அதை இன்னும் மீட்காதவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், 4ஆம் அதிகாரம். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் இறந்துபோகிறான். கடவுளுக்குப் பயந்து நடந்தவன். ஆனாலும் கடனோடு சாகிறான். கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தாய் எலிசாவிடம் ஓடி வருகிறாள்.

சின்ன வயதில் எண்ணெய் பெருகிய அற்புதத்துக்காகவே இந்தக் கதையைப் படித்தோம். இப்போது வாசிக்கும்போது என் கண் வேறு இடங்களில் நிற்கிறது. எலிசா அவளைக் குற்றம் சொல்லவில்லை. உன் புருஷன் ஏன் கடன்பட்டான், நீ ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கவில்லை. எங்கள் சபைகளிலும் சொந்தத்துக்குள்ளும் முதலில் வருகிற கேள்வி அதுதான். அவர் கேட்டது, வீட்டில் கையிருப்பாக என்ன உண்டு என்பதை. நோயாளியிடம் நாங்கள் வரலாறு எடுப்பது மாதிரி. அவளோ ஒன்றுமில்லை என்றுதான் தொடங்குகிறாள். பிறகுதான் ஒரு குடம் எண்ணெய் நினைவுக்கு வருகிறது. அந்தக் குடமும் கடனும் சேர்த்துச் சொல்லப்பட்ட பிறகே அடுத்தது நடக்கிறது. முடிவில் எலிசா சொல்லும் ஒழுங்கையும் கவனியுங்கள்: எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கச் சொல்கிறார்; மிஞ்சியதில் அவளும் பிள்ளைகளும் சீவிக்க வேண்டும்.

இன்னொன்று. எண்ணெய் ஊற்றப் பாத்திரங்களை அயலவரிடம் இரவல் வாங்கினாள். அந்தப் பெண்ணின் நெருக்கடியில் அயல் பாத்திரம் கொடுத்தது. எங்கள் கிராமங்களில் குழுக்கடன் செய்தது இதற்கு நேர்மாறு. கறிக்குத் தேங்காய்ப்பாதி கடன் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியையே கடன் வசூலிக்கிறவளாக ஆக்கிவிட்டது. ஒன்றாகத் தண்ணீர் அள்ளியவர்கள் முகம் பார்க்காமல் போவதை நான் கண்டிருக்கிறேன். வட்டியைவிட அந்த இழப்பு பெரிது என்றே நினைக்கிறேன்.

மோசேயின் சட்டத்தில், உபாகமம் 24இல், கடன் கொடுத்தவனுக்கு ஒரு விதி உண்டு. அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவனே கொண்டுவந்து கொடுப்பான். மா அரைக்கும் திருகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது, ஏனென்றால் அது அந்தக் குடும்பத்தின் சீவனம். எங்கள் காலத்தில் அந்த இடத்தில் தையல் மெசினை வைத்துப் பார்க்கலாம். இருட்டின பிறகு வந்து, ஆண் துணையில்லாத வீட்டு விறாந்தையில் காசு தரும்வரை குந்தியிருந்தவர்களைப் பற்றி நோயாளர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேதப்புத்தகம் கடன்பட்டவளின் வாசற்படியைக் காவல் காக்கிறது. கடனைக் கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்பதும், கடன்பட்டவளின் மானம் காக்கப்படவேண்டும் என்பதும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

கடன் ஏழைகளின் கதை என்று நினைத்து ஆறுதலாக இருக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் அது வேறு உடுப்புப் போட்டிருக்கிறது. வாகன லீசிங், கிரெடிட் காட், மகளின் கலியாணத்துக்கு எடுத்த வங்கிக்கடன், மகனை வெளியே அனுப்ப முகவருக்குக் கொடுத்த காணிக்காசு. இவற்றைப் பற்றி வீட்டில் யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் ஒருவருக்கு. பக்கவாதம் வந்து வாட்டில் கிடக்கும் மனிதரின் மனைவியிடம் எந்த வங்கியில் கணக்கு, யாருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்க, "அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்வதை எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அவர் அப்போது பேச முடியாதவராக இருப்பார்.

படித்து உத்தியோகம் பார்க்கும் எங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சம்பளக் கணக்கின் ஏ.ரீ.எம். காட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, மீதி என்னவென்று தெரியாமல் இருக்கும் ஆசிரியைகளும் வைத்தியர்களும் எனக்குத் தெரியும். அதைக் கீழ்ப்படிவு என்று நினைக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா காணி விற்ற காசில் ஒரு பங்கை ஒளித்தபோது, சப்பீராளுக்கும் அது தெரிந்திருந்தது. அவளிடம் தனியாக விசாரணை நடந்தது. கணவனின் கணக்குக்குப் பின்னால் அவளால் ஒதுங்க முடியவில்லை. அது கடுமையான கதை, எனக்கு இன்னும் அதில் சங்கடம் உண்டு. ஆனாலும் காசு விஷயத்தில் மனைவி தனி ஆளாகவே கணக்குக் கொடுக்க வேண்டியவள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. லூக்காவின் 8ஆம் அதிகாரத்தில் யோவன்னாள் வருகிறாள், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி. அவளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியிலிருந்து இயேசுவுக்கும் சீஷருக்கும் செலவு செய்தார்கள். தன்னிடம் என்ன உண்டென்று தெரியாத பெண்ணால் அப்படிக் கொடுக்க முடியாது.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்வது மிகச் சாதாரணமானது. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் சாப்பிட்ட பிறகு, கணவரும் நானும் மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பியோடு இருப்போம். என்ன வந்தது, யாருக்கு என்ன கொடுக்கவேண்டும், என்ன நிற்கிறது. இவ்வளவுதான். அரை மணித்தியாலம். சண்டை வருவதும் உண்டு. ஒரு சின்ன செபத்தோடு தொடங்குவதால் அது கொஞ்சம் பிந்தி வரும். மூத்தவளுக்குப் பதினான்கு வயதானதும் அவளையும் கூட்டினோம். தன் ரியூசன் காசு எவ்வளவு என்று பார்த்துவிட்டு இரண்டு வகுப்பை அவளே விட்டாள். அப்பா, அம்மாவிடம் காசு முடிவதில்லை என்று பிள்ளைகள் நம்புவதற்கு நாங்கள் அவர்களிடமிருந்து கணக்கை மறைப்பதுதான் காரணம்.

சேமிப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. யோசேப்பின் தானியக் களஞ்சியம் உங்களுக்குத் தெரியும். மூன்று மாதச் செலவை ஒதுக்கி வைக்கவேண்டும் என்று வங்கிக்காரரே சொல்லித் தருவார்கள். சீட்டும் நல்லதுதான், தாச்சி யாரென்று தெரிந்தால்.

காணிக்கையைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், போதகர் ஐயா முன்னால் இருந்தாலும். எங்கள் அம்மம்மா உலையில் அரிசி போட முன்னம் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவா. அது கோவிலுக்கு. அரிசி குறைந்த நாட்களிலும் அந்தப் பிடி போகும். கை கொஞ்சம் இறுகியிருக்கும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த கொடைகளில் அதைவிட நேர்மையானது இல்லை. பானையில் இருந்ததிலிருந்துதான் அது எடுக்கப்பட்டது. அந்தப் பிடிக்காக யாரும் அரிசி கடன் வாங்கியதில்லை. இன்றைக்கு அறுவடைப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 5,000 ரூபாய்க்கு எடுக்கிறோம், எல்லோரும் கைதட்டுகிறோம். எடுத்தவர் தாயின் கண்ணுக்கு வில்லை வாங்கக் காசு கேட்டால், "இப்ப கையில இல்லை" என்கிறார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டித்தது இதைத்தான். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை, கொர்பான், கடவுளுக்கென்று ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லிக் கைகழுவியவர்களை. தசமபாகம் கொடுக்கிறவர்களைக் குறைசொல்ல நான் யாருமில்லை, நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் வட்டிக்கு எடுத்துக் காணிக்கை போடுகிறவர்களையும், நகையை அடைவு வைத்துக் கூட்டங்களுக்கு நன்கொடை அனுப்புகிறவர்களையும் என் கிளினிக்கிலேயே சந்திக்கிறேன். கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏழை விதவை போட்ட இரண்டு காசு அவளுடையது. அதைத் திரும்பப் பெருக்கித் தருவதாக இயேசு அவளுக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை.

சீதனத்தையும் விடமுடியாது. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண்பிள்ளையை விடுதியில் விடப் பெற்றோர் தயங்கினார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் மாணவிக்கு மிஷனே ஒரு சிறிய சீதனம் கொடுத்தது. எங்களைப் படிக்கவைக்கச் சீதனத்தைத் தூண்டிலாகப் போட்டார்கள். இருநூறு வருடம் கழித்து, படித்த மாப்பிள்ளைக்குக் கூடுதல் சீதனம் என்று அதே படிப்பு விலையை ஏற்றிக்கொண்டிருக்கிறது. கோவிலில் ஓலை வாசிக்க முதல் காணி உறுதி எழுதி முடிந்துவிடுகிறது.

அந்த உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தவர்கள் எத்தனை பேர்? தேசவழமை எங்களுக்கு நல்லதும் செய்தது. பெண்ணுக்கென்று சொத்தை வைத்தது. கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டத்தில் இருவருக்கும் உரிமை வைத்தது. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் எங்கேயென்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கவேண்டும். போருக்குப் பிறகு அந்தப் படியில் எத்தனை பெண்கள் ஏறி இறங்கினார்கள்! நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் பெண் ஒரு வயலைப் பார்த்து, விலை மதித்து, தானே வாங்குகிறாள். கலியாண வீடுகளில் அந்த அதிகாரத்தை ஆசையாக வாசிக்கிறோம். அந்த வயலை இங்கே அவள் திரும்ப விற்க வேண்டி வந்தால் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். சட்டத்தை மாற்றுவது வேறு வேலை. உறுதி எங்கே இருக்கிறது, சேமலாப நிதியில் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது, மரணசாசனம் எழுதியிருக்கிறதா என்பவை இந்த வாரமே பார்க்கக்கூடியவை. கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் பின்னுரித்தாளராகப் போட்டுவிட்டு, அவர் இறந்து பத்து வருடமாகியும் மாற்றாதவர்கள் உண்டு.

கடைசியாக, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து வந்திருக்கும், இந்த மலரை அங்கே இருந்து வாசிக்கப்போகும் அக்காமாருக்கு. முப்பது வருடமாக நீங்கள் அனுப்பிய காசில்தான் எங்களில் பலர் படித்தோம். அதை மறந்து பேச வாயில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கு எங்களுக்குத் தெரியாது. எங்கள் கணக்கு உங்களுக்குத் தெரியாது. இரட்டை வேலை செய்து, வீட்டுக்கடனும் கட்டி, கிரெடிட் காட்டில் எடுத்து நீங்கள் அனுப்புவது இங்கே சாமத்திய வீட்டு ஹோலுக்கும் வீடியோவுக்கும் போகிறது என்று உங்களிடம் சொல்ல எங்களுக்கு வெட்கம். அங்கே கையில் ஒன்றுமில்லை என்று எங்களிடம் சொல்ல உங்களுக்கு வெட்கம். அடுத்த முறை அம்மாவோடு வைபரில் கதைக்கும்போது, எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு முன், மருந்துக்கு மாதம் எவ்வளவு போகிறது, யாருக்கு என்ன கொடுக்க இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் நிலையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்தத் தாயும் அதைக் கேட்டுப் பிள்ளையைக் கைவிடமாட்டாள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் உண்டு. செயற்குழு விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் ஒரு மணித்தியாலம், பாடசாலை நூலகத்தில், வங்கியில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருவரும் சட்டத்தரணி ஒருவரும் இருக்கட்டும். யாரும் தன் கடன் கடதாசியைக் கொண்டுவந்து காட்டலாம். பழைய மாணவியாக இருக்கத் தேவையில்லை, பாடசாலைக் கன்ரீனில் வேலை செய்பவர்களும் விடுதிச் சமையலம்மாவும் வரலாம். கேட்கிறவர் வெளியே சொல்லக்கூடாது என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். தேவையென்றால் கிளினிக்கில் செய்வதுபோல் கதவைச் சாத்திவிட்டு இருக்க நானும் வருவேன்.

தேநீர் தயார் என்று கை காட்டுகிறார்கள். சட்டத்தரணி அக்காமார் இருவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள்; சீதனக் காணி பற்றிய கேள்விகளை என்னிடம் அல்ல, அவர்களிடம் கேளுங்கள். சீனி பற்றிய கேள்விகளுக்கு நான் கேக் மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன்.